வெயில் கூடினால் கிணறு என்ன ஆகும்?

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அப்பா காலத்தில் வெட்டிய ஐம்பது அடிக் கிணறு 2017 கோடையில் முதன்முறையாக அடி தெரிய வற்றியது. அதன்பின் இரண்டு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டார். ஒன்றில் 850 அடி வரை போயும் தண்ணீர் இல்லாமல் வெறும் பாறைத்தூள் புகைதான் வந்தது. மற்றொன்று பங்குனி பிறந்தால் அரை மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்து காற்று வாங்குகிறது. "காலநிலை மாற்றத்தால் இனி நம் பக்கம் நிலத்தடி நீரே இருக்காது என்கிறார்கள், இது உண்மையா? இன்னொரு போர் போடலாமா?" என்பது அவர் கேள்வி. படிக்கும்போது ஒரே கேள்வி போலத் தோன்றினாலும், இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: மழையிலிருந்து பூமிக்குள் இறங்குவது குறையுமா என்பது ஒன்று, பூமியிலிருந்து நாம் எடுக்க வேண்டியது கூடுமா என்பது மற்றொன்று. பெரும்பாலோர் முதலாவதை மட்டுமே பேசுகிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து கணக்கெழுதுவதையே இருபத்தேழு ஆண்டுகள் வேலையாகச் செய்தவன் என்ற முறையில், என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். மழை எப்படி மாறும் என்பதில் ஐயம் நிறைய இருக்கிறது. வெயில் கூடுவதால் பயிர் கேட்கும் தண்ணீர் கூடும் என்பதில் ஐயம் மிகக் குறைவு. நம் பாறை நிலத்தில் காலநிலை மாற்றம் முதலில் கைவைக்கப் போவது இரண்டாவதில்தான்.

இனி கேள்வி கேட்டவரிடமே நேராகப் பேசுகிறேன். முதலில் நம் நிலத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் இரு மாவட்டங்களின் அடியில் இருப்பது பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோகைட் என்னும் கெட்டிப் பாறைகள். உங்கள் அப்பாவின் கிணற்றுக்குள் ஏணி வைத்து இறங்கிப் பார்த்தால் சுவரிலேயே இதைப் படிக்கலாம். மேலே மூன்று நான்கு அடி செம்மண், அதன் கீழே கையால் பிடித்தால் உதிரும் சுக்கான் கலந்த கிராவல், பிறகு கடப்பாரைக்கு மட்டும் அசையும் மக்கிய பாறை, அதற்கும் கீழே வெடி வைத்தால் மட்டுமே உடையும் பாறையும் அதில் ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளும். தண்ணீர் தங்குவது இந்த மக்கிய பாறையில்தான். பெரும்பாலான இடங்களில் அதன் கனம் முப்பதிலிருந்து நூறு அடிக்குள் அடங்கிவிடும். கீழே உள்ள வெடிப்புகள் தண்ணீரைக் கடத்தும் குழாய்கள் போன்றவை. அவற்றுக்குள் சேமிப்பு என்று சொல்லும் அளவுக்கு இடம் கிடையாது. தஞ்சாவூர் டெல்டாவின் மணற்படுகையோடு இதை ஒப்பிடக் கூடாது. மக்கிய பாறையின் ஒரு கன மீட்டரிலிருந்து வடிந்து நமக்குக் கிடைப்பது அதன் கொள்ளளவில் ஒன்று முதல் மூன்று விழுக்காடு, அதாவது பத்து முதல் முப்பது லிட்டர்தான்.

இதிலிருந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் பக்கம் ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. நைஸ் பாறைப் பகுதியில் அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வது வழக்கம். சார்னோகைட் குன்றுப் பகுதியில் அது ஐந்து விழுக்காடாகவும் குறையும். பத்து விழுக்காடு என்றே கொண்டால் 85 மில்லிமீட்டர், ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 3 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். சேமிப்பு இடம் இரண்டு விழுக்காடு மட்டுமே என்பதால், இந்த 85 மில்லிமீட்டர் கிணற்று மட்டத்தைப் பதினான்கு அடி உயர்த்திவிடும். ஒரு நல்ல மழைக்குப் பின் கிணறு "மளமளவென்று ஏறிவிட்டது" என்று ஊரில் சொல்வதற்கும், தைப்பொங்கலுக்குள் "அதற்குள் இறங்கிவிட்டதே" என்று வருந்துவதற்கும் காரணம் ஒன்றே. நம்முடையது சிறிய பாத்திரம். சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும், அடுத்த ஆண்டுக்கு மிச்சம் வைக்காது. 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையிலேயே உங்கள் கிணறு வற்றியது. ஒரே ஒரு மழை பொய்த்தால் அடுத்த ஆறு மாதத்தில் அடி தெரியும் என்பதே இந்தப் பாறையின் இயல்பு. இதில் ஆறுதலான செய்தியும் உண்டு: ஒரே ஒரு நல்ல மழை, எடுப்பு கட்டுக்குள் இருந்தால், அதை மீண்டும் நிரப்பிவிடும்.

இனி மழை. காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏழு விழுக்காடு கூடுகிறது. இது இயற்பியல் விதி; இதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், இடையில் நெடுநாள் பெய்யாமல் இருப்பதும் அதிகமாகும் என்று எதிர்பார்ப்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் தென்மேற்குப் பருவமழையின் மொத்த அளவு இந்த நூற்றாண்டில் கூடும் என்றும், ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமும் பெருகும் என்றும் பெரும்பாலான காலநிலை மாதிரிகள் (கணினியில் போடும் காலநிலைக் கணக்குகள்) காட்டுகின்றன. ஆனால் பாலக்கோட்டுக்கு என்ன என்று கேட்டால் அந்த மாதிரிகளால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவற்றில் பல, பூமியை நூறு கிலோமீட்டர் பக்க அளவுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுபவை. அந்தக் கட்டம் ஒன்றுக்குள் நம் இரு மாவட்டங்களும் ஏறத்தாழ அடங்கிவிடும். ஓசூர் மேட்டுநிலமும் அரூர்ப் பள்ளத்தாக்கும் அங்கே ஒன்றுதான். மேலும் நாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருந்துகொண்டு, தென்மேற்கிலும் கொஞ்சம், வடகிழக்கிலும் கொஞ்சம் வாங்கிப் பிழைப்பவர்கள். இந்த இரண்டில் வடகிழக்குப் பருவமழை பற்றிய மாதிரிகளின் கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. எனவே "மழையே இருக்காது" என்று உங்களிடம் சொன்னவர், அறிவியல் சொல்லாததைச் சொல்லியிருக்கிறார்.

கொட்டித் தீர்க்கும் மழை கிணற்றுக்கு நல்லதா கெட்டதா என்பது நான் நீண்ட காலம் யோசித்த விஷயம். நம் பெரியவர்கள் "நின்று பெய்தால்தான் ஊறும், அடித்துப் பெய்தால் ஓடிவிடும்" என்பார்கள். சரிவான செம்மண் கொல்லையில், அதாவது மேட்டு விவசாய நிலத்தில், அது கண்ணால் காணும் உண்மை. முதல் பத்து நிமிடத்தில் மேல் மண் சேறாகி அடைத்துக்கொள்ளும். பிறகு வருவதெல்லாம் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடைக்குப் போகும். ஆனால் தூறல் மழைக்கும் ஒரு குறை உண்டு. அது மேலே ஓரடி மண்ணை நனைத்துவிட்டு, வேருக்கும் வெயிலுக்கும் இரையாகி, கீழே இறங்காமலே தீர்ந்துவிடும். மண் தன் தாகம் தீர்ந்த பிறகுதான் மிச்சத்தைக் கீழே விடும். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் மக்குதாப்போரா கிணற்றுப் பகுதியில் ஐம்பத்தைந்து ஆண்டு நீர்மட்டப் பதிவை ஆராய்ந்தபோது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்த பெருமழைகளே நிலத்தடி நீரை நிரப்பியிருந்தன என்று தெரிந்தது. அதுவும் நம்முடையது போல மக்கிய கெட்டிப் பாறைதான். தென்னிந்தியக் கிணறுகளிலும் கனமழையோடு நீர்மட்ட உயர்வு ஒத்துப்போவதாக ஆய்வு வந்திருக்கிறது. பெரியவர்கள் சொன்னதும் ஆய்வு சொல்வதும் முரண் அல்ல. தூறல் மழையில் தண்ணீர் இறங்குமிடம் கொல்லை. பெருமழையில் இறங்குமிடம் ஏரியும் ஓடையும். அதாவது மழையின் குணம் மாறும்போது தண்ணீர் பூமிக்குள் நுழையும் வாசல் இடம் மாறுகிறது. அந்த வாசல் அடைபட்டிருந்தால் எவ்வளவு பெய்தாலும் பயனில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது நினைவிருக்கும். ஓராண்டு மழையில் பாதிக்கும் மேல் ஒரு நாளில் வந்து, நிறுத்தியிருந்த வண்டிகளை உருட்டிக்கொண்டு போனது. ஒரு தனி நிகழ்வைக் காட்டி, இது காலநிலை மாற்றத்தால்தான் வந்தது என்று முடிவு கட்டுவதற்கு நான் துணிய மாட்டேன். ஆனால் அதற்குச் சில வாரங்கள் கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்ததை மறக்க முடியவில்லை. கரை உறுதியாக இருந்து தண்ணீர் நின்ற ஏரியின் கீழ்ப்புறம் கிணறுகளில் குனிந்து சொம்பால் மொள்ளும் அளவுக்குத் தண்ணீர். ஒன்றரை மைல் தள்ளி, கரை உடைந்து ஏரி வடிந்துபோன ஊரில் கிணறுகள் ஏறியிருந்தன என்றாலும் பாதிக்கு மேல் இல்லை. இரண்டு ஊரிலும் பெய்தது ஒரே மழை.

இப்போது எடுப்பின் பக்கம் வருகிறேன். வெயில் ஏறினால் காற்று வறளும். வறண்ட காற்று இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும். இதற்கு எதிரான விளைவு ஒன்றும் உண்டு, அதை மறைக்கக் கூடாது: காற்றில் கரிவளி (கார்பன் டை ஆக்சைடு) கூடினால் பல பயிர்கள் தம் இலைத்துளைகளைச் சற்றே மூடிக்கொண்டு தண்ணீரைச் சிக்கனம் செய்கின்றன. அந்தச் சிக்கனம் வெயிலின் கூடுதல் செலவை எவ்வளவு ஈடுகட்டும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. முழுவதும் ஈடுகட்டிவிடும் என்று நம்பி இருந்துவிட முடியாது. நன்கு வளர்ந்த தக்காளி ஒரு கோடை நாளில் ஐந்து மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கும் என்று கொண்டால், ஏக்கருக்கு 20,000 லிட்டர். ஊரக வீடுகளுக்கு அரசு கணக்கிடும் ஆளுக்கு 55 லிட்டர் வீதம் ஐந்து பேர் கொண்ட எழுபது குடும்பங்கள் ஒரு நாள் புழங்கும் தண்ணீர் அது. உங்கள் மூன்று ஏக்கரில் ஓராண்டு இறங்குவது ஏறக்குறைய பத்து லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் தக்காளிக்கு அது ஐம்பது நாள் தாங்கும். மூன்று ஏக்கரும் தக்காளி என்றால் பதினேழு நாள். மீதியை நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது பக்கத்துக் கொல்லைகளின் அடியிலிருந்தும், ஏரியிலிருந்து கசிந்து வந்ததிலிருந்தும்தான்; அவர்களும் அதையே செய்கிறார்கள்.

வெப்பம் ஒரு டிகிரி ஏறுவதால் மட்டும் அந்த 20,000 லிட்டர் ஆயிரம் லிட்டர் கூடலாம். அது பெரிதாகத் தோன்றாது. உண்மையான அடி வேறு வழியில் விழுகிறது. இரண்டு மழைக்கு இடைப்பட்ட மழையில்லாக் காலம் பதினைந்து நாள் நீண்டால், ஒரு ஏக்கருக்கு 3 லட்சம் லிட்டர் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். அந்த ஏக்கரில் ஓராண்டு முழுவதும் பூமிக்குள் இறங்குவது 3 லட்சத்து 40 ஆயிரம் என்று மேலே பார்த்தோம். ஆண்டின் மொத்த மழை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாமல், பெய்யும் நாட்கள் மட்டும் இடம் மாறினாலே ஓராண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல விரும்பும் விடையின் மையம் இதுதான். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெப்பம் ஏறும்போது விவசாயிகள் இயல்பாகவே கூடுதல் நீர் இறைப்பார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து, 2041 முதல் 2080 வரையிலான காலத்தில் இந்தியாவின் நிலத்தடி நீர் குறையும் வேகம் இன்றைப் போல மூன்று மடங்கு ஆகலாம் என்று மதிப்பிட்டது. மழை கூடினாலும் இந்த இறைப்பை அது ஈடுசெய்யவில்லை என்பது அதன் முடிவு. நாடு முழுவதற்குமான மாதிரிக் கணக்கு அது. மூன்று மடங்கு என்பதை நம் பிர்காவுக்கு (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டாரம்) அப்படியே பொருத்த முடியாது. நம் பாறையில் அவ்வளவு நீண்ட காலம் குறைவதற்குச் சேமிப்பே இல்லை. அதற்கு முன்பே போர் காற்று வாங்கிவிடும். திசையைப் பொறுத்தவரை அந்த ஆய்வை நான் ஏற்கிறேன்.

பழியெல்லாம் வானத்தின்மேல் போட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டங்களில் பல பிர்காக்கள் இறங்குவதைவிட எடுப்பது அதிகம் என்ற வகையில் பல ஆண்டுகளாகவே இருக்கின்றன. காலநிலை மாற்றம் என்ற சொல் நம் ஊரில் புழங்குவதற்கு முன்பே அப்படித்தான். கமலை ஏற்றத்திலிருந்து மோட்டாருக்கு மாறியது, கேழ்வரகும் சாமையும் இருந்த இடத்துக்குத் தக்காளியும் கரும்பும் வந்தது, போர் வண்டி ஊருக்குள் நுழைந்தது, மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாமல் போனது ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. விவசாயியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி விலை போகும் ஒரு பருவத்தை நம்பித்தான் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் கல்யாணக் கடனும் இருக்கின்றன என்பதை நேரில் பார்த்தவன் நான். வெப்பம் என்பது ஏற்கெனவே நிறைந்து நிற்கும் பாரத்தின்மேல் வைக்கப்படும் இன்னொரு மூட்டை என்பதை உணர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் குணமும் மாறுகிறது. நம் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு காலம் அவற்றோடு ஒட்டி இருக்கிறதோ அவ்வளவு கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரம். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இதைத் தாண்டிய போர்கள் எத்தனையோ இருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே, பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைக்கும் நோக்கமும் இடம்பெற்றது. 2013-இல் அது நடைமுறைக்கு வந்தது. மழைத்தண்ணீர் புதிதாக இறங்கிக் கலக்காத வறண்ட ஆண்டுகளில் இந்த அளவு ஏறுவதைப் பல கிணறுகளில் அளந்திருக்கிறேன். ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்க நேர்ந்தால், ஒருமுறையாவது அதைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். கண்ணுக்கும் நாக்குக்கும் அது தெரியாது.

இனி, இன்னொரு போர் போடலாமா என்பது. உங்கள் கொல்லையைப் பார்க்காமல் "போடாதீர்கள்" என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே 850 அடியில் புகை வந்த இடத்தில் 1,200 அடி போனால் தண்ணீர் இருக்கும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. ஆழம் போகப் போக மேலே உள்ள பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகிக்கொண்டே போகின்றன. முந்நூறு அடிக்குக் கீழே கிடைக்கும் தண்ணீரும் பெரும்பாலும் மேலே உள்ள மக்கிய பாறையிலிருந்து வடிந்து இறங்கியதே. ஆழமான போர் புதிய பாத்திரம் ஆகாது. அதே பாத்திரத்தில் போடும் நீளமான உறிஞ்சுகுழல் அது. மேல் அடுக்கு காய்ந்துவிட்டால் அதுவும் காயும். அதே பணத்தில் பழைய கிணற்றைத் தூர் எடுத்து, வண்டல் படிவதற்கு ஒரு தொட்டி வைத்து ஓடைத் தண்ணீரை அதற்குள் திருப்பி, கொல்லையின் பள்ளமான மூலையில் பண்ணைக்குட்டை ஒன்று வெட்டினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல் என்பது என் அனுபவம். உரமும் பூச்சி மருந்தும் கலந்த வயல் தண்ணீரை மட்டும் கிணற்றுக்குள் விடக் கூடாது. ஏரியைத் தூர் வாரும்போது உங்கள் ஊரார் கூடி நின்று கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கரையோரம் குழி வெட்டி மண் எடுப்பது தூர் வாருதல் ஆகாது; நீர் பரவும் பகுதியில் படிந்த வண்டலை எடுத்தால்தான் அடைபட்ட வாசல் திறக்கும்.

சொட்டு நீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மிச்சமாகும் தண்ணீரில் இன்னும் ஒரு ஏக்கர் நட்டால் கிணற்றுக்கு மிச்சம் எதுவும் இல்லை. பல ஊர்களில் நடந்தது அதுதான். மூன்று ஏக்கரில் கோடைத் தக்காளியை முக்கால் ஏக்கரோடு நிறுத்தி, மற்றதில் ஆடியில் கேழ்வரகோ புரட்டாசியில் கொள்ளோ போட்டுப் பாருங்கள். காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் நம் மண்ணுக்கான ரகங்கள் பற்றிக் கேட்டறியலாம். மா வைக்கும் எண்ணம் இருந்தால் முதல் மூன்று நான்கு ஆண்டுகள் கைத்தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நூல் கயிறு ஒன்றில் ஒவ்வோர் அடிக்கும் முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி, ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி காலையில், மோட்டார் போடுவதற்கு முன், பழைய கிணற்றின் மட்டத்தை அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். அன்று எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடியது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஐப்பசி மட்டத்துக்கும் பங்குனி மட்டத்துக்கும் எத்தனை அடி வித்தியாசம், அது ஆண்டுக்கு ஆண்டு எப்படிப் போகிறது என்பது தெரிந்தால், போர் வேண்டுமா, பயிரைக் குறைக்க வேண்டுமா என்று நான் உட்பட யார் வேண்டுமானாலும் உங்களுக்கு நேர்மையாகச் சொல்ல முடியும். அந்த நோட்டு இல்லாமல் வரும் எந்த ஆலோசனையையும், நீரோட்டம் பார்ப்பவர் சொல்வதையும் சேர்த்து, பொறுத்தே ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு மழைக்காலம் எழுதிவிட்டு மறுபடி கேளுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.